சேர்த்து வைப்பதை நிறுத்துங்கள்

வீட்டில் அடி வாங்கிய ஒரு பெண், மலேசியாவின் ரவாங் வட்டாரத்தில் முதலில் எங்கே போகிறாள்? பெரும்பாலும் போலீஸ் நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ போவதில்லை. அம்மா வீட்டுக்கோ அக்கா வீட்டுக்கோதான் போகிறாள். அங்கிருந்து விஷயம் மாமனுக்கும் சித்தப்பாவுக்கும் எட்டுகிறது. இரண்டொரு நாளில் கோயில் மண்டபத்திலோ, தாமானில் பெரிய மனிதர் ஒருவரின் வீட்டுக் கூடத்திலோ நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். அவள் பக்கம் நாலு பேர், அவன் பக்கம் நாலு பேர். "குடிச்சா அப்படித்தாம்மா, குடிக்காத நேரத்துல தங்கமான பையன்" என்கிறார் ஒருவர். "பிள்ளைங்க முகத்தைப் பாத்து அனுசரிச்சுப் போம்மா" என்கிறார் இன்னொருவர். அவன் தலையைக் குனிந்துகொண்டு, இனிமேல் கை வைக்க மாட்டேன் என்கிறான். கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்வதும் உண்டு. காப்பி வருகிறது. கடைசியில் அவளை அவனுடைய காரிலேயே ஏற்றி அனுப்பிவிட்டு, 'சேத்து வச்சாச்சு' என்று பெரியவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள்.

இந்த வழக்கம் பெண்களின் உயிரோடு விளையாடுகிறது. சுற்றி வளைக்காமல் இதைச் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பெரியவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. தோட்டத்து நாள்களில் இதற்குக் காரணம் இருந்தது. போலீஸ் நிலையம் பல மைல் தள்ளி இருந்தது. எதற்கும் கிராணியையோ துரையையோ கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். புகார் எழுதும் அளவுக்கு மலாயோ ஆங்கிலமோ தெரிந்தவர், தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு ஒருவர் இருந்தால் அதிகம். ஆகவே எந்தச் சண்டையானாலும் மாரியம்மன் கோயில் முன்னால் உட்கார்ந்து தீர்த்துக்கொண்டார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான்கள் வந்தன. லயத்திலிருந்து கிளம்பிய குடும்பங்கள் புக்கிட் பெருந்தோங்கிலும் புக்கிட் செந்தோசாவிலும் ரவாங் அடுக்குமாடிகளிலும் குடியேறின. பஞ்சாயத்தும் மூட்டை முடிச்சோடு கூடவே வந்துவிட்டது. லயத்திலாவது சுவர் மெல்லியது. ஒரு வீட்டு அலறல் பத்து வீட்டுக்குக் கேட்கும், யாராவது ஒரு பாட்டி போய்க் கதவைத் தட்டுவாள். பிளாட்டில் கிரில் கதவைச் சாத்திவிட்டால், எதிர்வீட்டுக்காரர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொள்கிறார்.

சமாதானக் கூட்டத்திலிருந்து அடிக்கிறவன் தெரிந்துகொண்டு போவது ஒன்றுதான். தான் என்ன செய்தாலும் ஊர் கூடி அவளைத் தன்னிடமே கொண்டுவந்து விடும். அதைவிட மோசம், அவள் இத்தனை நாள் எங்கே இருந்தாள், யார் சோறு போட்டார்கள், யார் ரிப்போர்ட் செய்யச் சொன்னார்கள் என்பதெல்லாம் அங்கே அவன் காதில் விழுகிறது. கணவனால் கொல்லப்பட்ட பெண்களின் வழக்குகளை ஆராய்ந்தவர்கள் பல நாடுகளிலும் திரும்பத் திரும்பக் கண்டது, அவள் பிரிந்துபோக முடிவெடுக்கும் நேரமும் பிரிந்துபோன புதிதும்தான் மிக ஆபத்தானவை என்பதை. சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் நாம் இருவரையும் ஒரே அறையில் உட்கார வைக்கிறோம்.

இந்த நாட்டில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் நிறைவேறி, 1996 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்தது. அது தானாக வந்த சட்டமில்லை. 1982-இல் டபிள்யூ.ஏ.ஓ. எனப்படும் மகளிர் உதவி அமைப்பு, அடிபட்ட பெண்களுக்காக ஓர் அடைக்கல இல்லத்தைத் திறந்தது. 1985-இல் பெண்கள் அமைப்புகள் ஒன்றுகூடி இயக்கம் தொடங்கின. பிறகு ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அலைந்து, வாதாடி, கையெழுத்து வாங்கிப் பெற்ற சட்டம் அது. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த ஐரீன் ஃபெர்னாண்டஸ் அந்தப் போராட்டத்தில் முன்னின்றவர்களில் ஒருவர். இப்படி வந்த சட்டத்தில் என்ன இருக்கிறது என்பது நம் கோயில் நிர்வாகங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

முதலாவது, தாலி. "கோயில்ல கட்டினதோட சரி, ரெஜிஸ்டர் பண்ணல. நீ எங்க போனாலும் உன்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று மிரட்டும் ஆண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதை நம்பி வாயை மூடிக்கொண்டிருக்கும் பெண்களும் இருக்கிறார்கள். அந்த மிரட்டல் பொய். சமயப்படியோ வழக்கப்படியோ சடங்கு செய்து சேர்ந்து வாழ்பவர்களையும், திருமணம் பதியப்படாவிட்டாலும், குடும்ப வன்முறைச் சட்டம் கணவன் மனைவியாகவே ஏற்கிறது. முன்னாள் மனைவிக்கும் அதே பாதுகாப்பு உண்டு. மணவிலக்கு, ஜீவனாம்சம், சொத்து என்று வரும்போது பதிவு இல்லாதது பெரிய தலைவலியாகும் என்பது உண்மைதான். முஸ்லிம் அல்லாதார் திருமணங்கள் 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின்கீழ் முறைப்படி பதியப்பட வேண்டும். ஆகவே பதிவு செய்யாமல் தாலி கட்ட மண்டபம் தருவதையே ஆலயங்கள் நிறுத்த வேண்டும். ஆனால் பதியவில்லை என்பதற்காக எவனுக்கும் அடிக்கும் உரிமை வந்துவிடாது.

இரண்டாவது, அடி மட்டுமே வன்முறை என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. அறையில் போட்டுப் பூட்டுவது வன்முறை. கைப்பேசியை உடைப்பது வன்முறை. அவளுடைய சம்பளத்தையோ நகையையோ ஏமாற்றிப் பறிப்பதும், பயமுறுத்துவதும், மனத்தை நொறுக்குவதும், கேவலமான செய்திகளை அனுப்பித் துன்புறுத்துவதும் வன்முறைதான். 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் இவற்றில் சிலவற்றை வெளிப்படையாகச் சேர்த்தது. மனைவியைக் காயப்படுத்தியோ அச்சுறுத்தியோ உடலுறவுக்குக் கட்டாயப்படுத்தினால் குற்றவியல் சட்டத்தின் 375ஏ பிரிவின்கீழ் ஐந்து ஆண்டுகள் வரை சிறை. நாம் வீட்டில் பேசவே கூசும் இந்த விஷயத்தைச் சட்டம் 2007-லேயே எழுதிவைத்துவிட்டது.

'குடும்ப விவகாரம்' என்று சொல்பவர்கள் இன்னொன்றைக் கவனமாகக் கேட்க வேண்டும். தெருவில் போகும் யாரையோ அடித்துக் காயப்படுத்தினால், சாதாரணக் காயத்துக்கு ஓராண்டு வரை சிறை. அடி வாங்கியவர் மனைவியோ முன்னாள் மனைவியோ ஆனால், 326ஏ பிரிவு அந்த உச்ச தண்டனையை இரு மடங்காக்குகிறது. கட்டியவள் என்பதால் சட்டத்தின் கண்ணில் குற்றம் கூடுகிறது. நம் மண்டபத்தில் அதே காரணத்தால் அது குறைந்துபோகிறது.

அடிபட்டவளுக்கு உடனே கிடைக்கக்கூடிய பாதுகாப்பு என்ன என்பதையும் சொல்லிவிடுவோம். ஈ.பி.ஓ. எனப்படும் அவசரப் பாதுகாப்பு ஆணையைச் சமூகநல இலாகா அதிகாரியே வழங்கலாம். நீதிமன்றம் போக வேண்டாம், வழக்கறிஞர் வேண்டாம், போலீஸ் ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2018 ஜனவரி முதல் இது நடப்பில் இருக்கிறது. ஏழு நாள் செல்லும். போலீஸ் விசாரணை தொடங்கிவிட்டால் மாஜிஸ்திரேட் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை தருவார். வழக்கு நடக்கும்போது பாதுகாப்பு ஆணை பன்னிரண்டு மாதம் வரை கிடைக்கும், தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். ஆணையை மீறி அவன் வாசலுக்கு வந்தால் அதுவே தனிக் குற்றம். குடும்ப வன்முறைக் குற்றத்துக்குப் பிடியாணை இல்லாமலே போலீஸ் அவனைக் கைது செய்யலாம். அவளை மருத்துவமனைக்கோ பாதுகாப்பான இடத்துக்கோ கொண்டுபோக வண்டி ஏற்பாடு செய்வது சட்டப்படி அதிகாரிகளின் பொறுப்பு. ஐசி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பள்ளிச் சீருடை, மருந்து மாத்திரை என்று அவள் தன் பொருள்களை எடுக்க அந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தால், கூடவே போய் நிற்பதும் அவர்கள் கடமை.

கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் போலத் தோன்றும். உடுத்திய துணியோடு ஓடிவந்த பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் அவன் அலமாரியில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அவள் திரும்பிப் போகிறாள். புதுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க அது வேண்டும். அதை எடுக்கப் போன இடத்தில் மறுபடியும் மாட்டிக்கொள்கிறாள். சீருடை போட்ட ஒருவர் வாசலில் நின்றால் போதும், பத்து நிமிடத்தில் முடிகிற வேலை அது.

இவ்வளவும் இருந்தும் ஏன் ஒன்றும் நடப்பதில்லை? சட்டம் புத்ராஜெயாவில் இருக்கிறது, அடி ரவாங்கில் விழுகிறது. நடுவில் இருக்கும் தூரத்தைப் பார்க்க வேண்டும்.

ரவாங் கோம்பாக் மாவட்டத்தில் இருக்கிறது. சற்று வடக்கே போனால் செரண்டாவும் புக்கிட் பெருந்தோங்கும் உலு சிலாங்கூர். பத்து ஆராங் வழியாக மேற்கே போனால் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான், எல்லாம் கோல சிலாங்கூர். சாமான் வாங்க, கொமுட்டர் ரயில் பிடிக்க, நகை அடகு வைக்க என்று இந்தச் சுற்றுவட்டாரமே ரவாங்குக்குத்தான் வருகிறது. ஆனால் கோப்பு மூன்று மாவட்டமாகப் பிரிந்து போகிறது. ஒருத்திக்குச் செலாயாங் நீதிமன்றம், இன்னொருத்திக்குக் கோல குபு பாரு, மற்றொருத்திக்குக் கோல சிலாங்கூர். சமூகநல அலுவலகமும் அப்படியே. எந்தப் போலீஸ் நிலையத்திலும் ரிப்போர்ட் செய்யலாம் என்பது விதி. ஆனாலும் 'இது எங்கள் பகுதியில்லை' என்று ஒரு முறை யாராவது சொல்லிவிட்டால், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தவள் நேரே வீட்டுக்குத்தான் போவாள். மறுபடி கிளம்ப அவளுக்குத் துணிச்சல் வர இன்னும் எத்தனை அடி வாங்க வேண்டுமோ.

ரிப்போர்ட் எழுதும் இடத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பெண் தமிழில் நினைக்கிறாள், தட்டுத் தடுமாறி மலாயில் சொல்கிறாள். கத்தியைக் கழுத்தில் வைத்தான், பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றது, இது ஆறாவது முறை என்று அவள் சொல்ல வந்தது தாளில் ஏறும்போது கணவன் மனைவிக்குள் வாக்குவாதம் என்று சுருங்கிவிடக் கூடாது. கையெழுத்துப் போடும் முன் வரிக்கு வரி வாசித்துக் காட்டச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. கூடப் போகிறவரின் முதல் வேலை அதுதான். ஆயுதம், மிரட்டல், முன்பு நடந்தவை, பிள்ளைகள் இருந்தார்களா என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டின் நகலை வாங்கி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்க வேண்டும். காயம் இருந்தால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே நேராகப் போகலாம். ஒரே இடச் சேவை மையம் என்ற ஏற்பாடு 1990-களிலேயே கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையில் தொடங்கி நாடெங்கும் பரவியது. தனி அறையில் வைத்துப் பார்ப்பார்கள், போலீசும் சமூகநல அதிகாரியும் அங்கே வருவார்கள். 'மாடிப்படியில் விழுந்துவிட்டேன்' என்று மட்டும் அவள் டாக்டரிடம் சொல்லிவிடக் கூடாது. அந்த மருத்துவக் குறிப்புதான் நாளைக்கு வழக்கில் அவளுக்கு முக்கியமான சாட்சி.

எல்லாவற்றையும் விடப் பெரிய பூட்டு வீடுதான். தோட்டத்து வீடு வேலைக்காரனின் பெயரில் இருக்கும். அவன் வேலை போனால் வீடு போகும். அவன் மேல் ரிப்போர்ட் செய்தால் லாக்கப்பில் வைப்பார்கள், சம்பளம் நிற்கும், பிள்ளைகளோடு நடுத்தெருவில் நிற்போம் என்று அவள் போடும் கணக்கில் பிழையில்லை. மேரி, நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் சொந்த வீட்டுக்காக எத்தனை ஆண்டு போராடினார்கள் என்பது இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அப்படிப் போராடிப் பெறும் வீட்டை யார் பெயரில் எழுதுகிறார்கள்? முன்னாள் தோட்டத் தொழிலாளர் வீட்டுத் திட்டங்கள் எதுவானாலும் கணவன் மனைவி இருவர் பெயரிலும் உரிமை எழுதப்பட வேண்டும் என்று மாநில அரசை வலியுறுத்துகிறோம். பால்மரம் வெட்டிய கைகளில் பெண்களின் கைகள் ஏராளம்.

வீடு அவன் பெயரில் இருந்தாலும், அவளுடைய பாதுகாப்புக்கு அது தேவை என்று கண்டால் அவனை வெளியே இருக்கச் சொல்லி, அவளையும் பிள்ளைகளையும் அந்த வீட்டிலேயே இருக்கவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. இந்த ஒரு செய்தியை மட்டும் தெரிந்துகொண்டாலே பல பெண்கள் வேறு முடிவு எடுப்பார்கள் என்று நம்புகிறோம்.

போலீஸ் கணக்குப்படி 2020-இல் பதிவான குடும்ப வன்முறைப் புகார்கள் 5,260. 2021-இல் அது 7,468 ஆனது. ஊரடங்கில் வீட்டுக்குள் அடிக்கிறவனோடு அடைபட்ட பெண்கள் அவர்களில் பலர். அந்த ஊரடங்கின் தொடக்கத்தில், கணவனை நச்சரிக்காமல் டோராமோன் குரலில் செல்லமாகப் பேசுங்கள் என்று மகளிர் அமைச்சே அறிவுரைப் படம் வெளியிட்டு, கண்டனம் எழுந்ததும் மன்னிப்புக் கேட்டது. அரசாங்கத்தின் வாயிலிருந்தே 'அனுசரிச்சுப் போ' வந்த நாள் அது.

ரிப்போர்ட் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல நமக்கும் மனம் துணியவில்லை. ஈஷா நினைவுக்கு வருகிறார்.

டிக்டாக்கில் ஈஷா என்று அறியப்பட்ட ராஜேஸ்வரி அப்பாவு, 2024 ஜூலை 5-ஆம் தேதி உயிரிழந்தார். இணையத்தில் தம்மை மிரட்டியவர்கள் மீது அதற்கு முந்தைய நாள்தான் அவர் போலீசில் புகார் கொடுத்திருந்தார். தமக்கு என்ன நேரும் என்று அஞ்சினாரோ அதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தார். அவரைத் துன்புறுத்திய நேரலைகள் தமிழில் நடந்தன. பார்த்தவர்கள் தமிழர்கள். கேட்கக் கூசும் வார்த்தைகள் ஓடிக்கொண்டிருந்தபோது அடுத்த நேரலைக்கு விரல் தள்ளிக்கொண்டு போனவர்களும், நின்று ரசித்து இதயக் குறி அனுப்பியவர்களும் நம்மிடையேதான் இருக்கிறார்கள். அந்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணுக்கு, 1955-ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தின்கீழ் நூறு ரிங்கிட் அபராதம் விதித்தார்கள். அந்தப் பிரிவு அனுமதித்த உச்ச அபராதமே அவ்வளவுதான். நாடு கொதித்தது. குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டு, 507பி முதல் 507ஜி வரையிலான புதிய பிரிவுகள் 2025 ஜூலை 11 முதல் நடப்புக்கு வந்தன. மிரட்டியும் இழிவுபடுத்தியும் ஒருவரைத் துன்புறுத்தினால் மூன்றாண்டு வரை சிறை. அந்தத் துன்புறுத்தல் ஒருவரை உயிரை மாய்த்துக்கொள்ளும் அளவுக்குத் தள்ளினால் பத்தாண்டு வரை. பின்தொடர்ந்து தொல்லை தருவதைக் குற்றமாக்கிய 507ஏ பிரிவு அதற்கு முன்பே, 2023 மே 31-இல் வந்துவிட்டது. வேலை முடிந்து வரும்போது கொமுட்டர் ஸ்டேஷன் வாசலில் தினமும் நிற்கும் முன்னாள் காதலன், 'சும்மா பார்க்கத்தான் வந்தேன்' என்று இனித் தப்ப முடியாது.

ஈஷா புகாருக்கும் மரணத்துக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு நாள். ஆகவே போலீஸ் படையிடம் நாம் கேட்பது இது. உயிர் பயம் என்று ஒரு பெண் சொன்ன புகாரை அதே நாளில் மதிப்பிட்டு, அதே நாளில் செயல்பட வேண்டும். அவளுக்கு விசாரணை அதிகாரியின் பெயரும் எண்ணும் அன்றே தரப்பட வேண்டும். ரவாங், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் செந்தோசா போன்ற இடங்களில், தமிழ் பேசும் பெண் போலீஸ் ஒருவரை உடனே அழைக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். தமிழ் பேசும் பெண் போலீசார் இல்லாத நாடா இது?

குடும்ப வன்முறைச் சட்டத்தில் ஓர் ஓட்டை இன்னும் அடைபடவில்லை. சடங்கு எதுவும் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கும், காதலனிடம் அடி வாங்கும் இளம் பெண்ணுக்கும் அதில் இடமில்லை. அவர்கள் குற்றவியல் சட்டத்தின்கீழ்ப் புகார் கொடுக்கலாம், ஈ.பி.ஓ. கிடைக்காது. நாடாளுமன்றம் இதைத் திருத்தத் தயங்குவது, கல்யாணம் ஆகாதவளின் எலும்பு முறிந்தால் வலிக்காது என்று சொல்வதற்குச் சமம்.

வீட்டை விட்டு வேலையிடத்துக்கு வருவோம். தோட்டத்தில் இன்றும் வெளிக்காட்டு வேலைக்குப் போகும் நம் பெண்கள் இருக்கிறார்கள். மருந்தடிக்கிறார்கள், உரம் போடுகிறார்கள், உதிரிப்பழம் பொறுக்குகிறார்கள். கூடவே இந்தோனேசியப் பெண்கள். காலைப் பெரட்டில் யாருக்கு எந்த இடம் என்று பிரித்துக் கொடுப்பவர் மண்டோர். சாலை ஓரத்து நல்ல இடமா, ஆள் நடமாட்டமே இல்லாத உள்காடா என்பது அவர் வாயில் இருக்கிறது. மாலையில் எத்தனை மூட்டை என்று குறிப்பவரும் அவர்தான். இந்த இரண்டு அதிகாரமும் ஒரே ஆளிடம் இருக்கும்போது, முறைகேடாக நடந்துகொள்பவனிடம் ஒரு பெண் முகம் சுளித்தால் அடுத்த நாள் அவள் எங்கே அனுப்பப்படுவாள், அவள் சம்பளம் என்ன ஆகும் என்று தோட்டத்தில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மலேசிய, இந்தோனேசியச் செம்பனைத் தோட்டங்களில் பெண்கள் மீது நடக்கும் பாலியல் வன்கொடுமைகளை அசோசியேட்டட் பிரஸ் 2020 நவம்பரில் விரிவாக எழுதியது. உலகம் படித்தது. இங்கே நம் சங்கங்களும் கட்சிகளும் அதைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை.

தொழிலாளர் வேலைச் சட்டத்தில் பாலியல் தொல்லை பற்றிய பகுதி 2012-இல் சேர்ந்தது. புகார் வந்தால் முதலாளி விசாரித்தே ஆக வேண்டும், விசாரிக்க மறுத்தால் முப்பது நாளுக்குள் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும், அதிலும் திருப்தி இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். 2023 ஜனவரி முதல் இன்னொரு கட்டாயம் வந்தது. பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை வேலையிடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும். சுங்கை சோ தொழிற்சாலைகளில், பெஸ்தாரி ஜெயா தோட்டங்களில், பெரட்டுக் களத்தில், தோட்ட ஆபீசில் அந்த அறிவிப்பு இருக்கிறதா? மருந்தடிக்கும் பெண் வாசிக்கிற மொழியில் இருக்கிறதா? தொழிற்சங்கக் கிளைத் தலைவர்கள் அடுத்த வாரமே நேரில் போய்ப் பார்த்துச் சொல்லட்டும்.

பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2022-இல் வந்தது. அதன்கீழ் அமைந்த தீர்ப்பாயம் 2024 மார்ச் 8 முதல் புகார்களை ஏற்கிறது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. முதல் விசாரணையிலிருந்து அறுபது நாளுக்குள் முடிவு சொல்ல முயல வேண்டும் என்கிறது சட்டம். 2,50,000 ரிங்கிட் வரை இழப்பீடு தர ஆணையிடலாம், பொது மன்னிப்புக் கேட்க வைக்கலாம். கடையில், பஸ்ஸில், டியூஷன் வகுப்பில், கோயிலில் நடந்தாலும் புகார் கொடுக்கலாம். கோயிலில் என்று எழுதுவது சிலருக்குக் கசக்கும். கசக்கட்டும்.

தமிழ்நாட்டின் திண்டுக்கல்லைப் பார்த்தால், வேலையிடத்தில் பெண்களைப் பாதுகாப்பது முடியாத காரியமில்லை என்று தெரியும். 2021 ஜனவரியில் ஜெயஸ்ரீ கதிரவேல் என்ற தலித் பெண், ஆயத்த ஆடைத் தொழிலாளி, கொலை செய்யப்பட்டார். அவரது மேற்பார்வையாளர் கைதானார். பெண்கள் தலைமையில் இயங்கும் ஒரு தமிழ்நாட்டுத் தொழிற்சங்கம் விடாமல் போராடி, 2022-இல் ஆலை நிர்வாகத்தோடும், அங்கே துணி வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனத்தோடும் ஒப்பந்தம் போட்டது. தையல் வரிசையில் உட்காரும் பெண்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, தொல்லையைக் கண்டால் சொல்லும் பொறுப்பைத் தந்தார்கள். சொன்னவளைப் பழிவாங்கக் கூடாது என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது. நம் செம்பனை எண்ணெய்க்கும் வெளிநாட்டில் பெரிய பெரிய கம்பெனிகள்தாம் வாடிக்கையாளர்கள். பெரட்டில் நிற்கும் பெண்களுக்குள்ளே அப்படி இருவரை ஏன் நியமிக்கக் கூடாது? மூட்டைக் கணக்கையும் இடம் பிரிப்பதையும் ஒரே ஆளிடம் விடாமல் இருப்பதற்கு எந்தச் செலவும் இல்லை.

சட்டமன்ற உறுப்பினர்களின் சேவை மையங்களில் வீடு, பள்ளி, உதவித்தொகைக்குக் கடிதம் எழுதித் தர ஆள் இருக்கிறார். ஈ.பி.ஓ. பாரத்தைத் தெரிந்த, தமிழ் பேசும் ஒரு பெண் அங்கே இருக்கிறாரா? வடசிலாங்கூருக்கென்று ஓர் அடைக்கல இல்லம் வேண்டும். பெஸ்தாரி ஜெயாவில் நடு இரவில் ஓடிவரும் பெண்ணைப் பெட்டாலிங் ஜெயா வரை போகச் சொல்வது உதவியாகாது. பிள்ளைகளின் பள்ளி, அவளுடைய வேலை, அம்மாவின் வீடு எல்லாம் இங்கே இருக்கின்றன.

தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் ஒரு வார்த்தை. மனைவி கொல்லப்பட்ட செய்திக்குக் 'குடும்பத் தகராறு' என்று தலைப்பிடாதீர்கள். அவள் நடத்தை பற்றி அவன் சொன்னதை முதல் பத்தியில் போடாதீர்கள். செய்தியின் அடியில் உதவி எண்ணைப் போடுங்கள். தாலியான் காசே எண் 15999, இருபத்து நான்கு மணி நேரமும் இருக்கிறது. டபிள்யூ.ஏ.ஓ. எண் 03-3000 8858. உயிருக்கு ஆபத்து என்றால் 999.

மறுபடியும் ஆலய நிர்வாகங்களிடம் வருகிறோம். ஊரில் ஆள் பலமும் மக்கள் மதிப்பும் உங்களிடம்தான் இருக்கின்றன. அடிபட்ட பெண் அரசு அலுவலகத்தை நம்புவதைவிட உங்களை நம்பித்தான் வருகிறாள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் திருவிழாக் கணக்கை வாசித்து முடித்த பிறகு ஒரு தீர்மானத்தைக் கொண்டுவாருங்கள். அடிபட்டு வரும் பெண்ணின் விஷயத்தில் இந்த ஆலயம் சமாதானக் கூட்டம் நடத்தாது. நிர்வாகத்தைச் சேர்ந்த இரண்டு பெண்கள் அவளோடு மருத்துவமனைக்கும் போலீஸ் நிலையத்துக்கும் சமூகநல அலுவலகத்துக்கும் போவார்கள். அவள் எங்கே தங்கியிருக்கிறாள் என்று யாரிடமும் சொல்ல மாட்டார்கள். வண்டிச் செலவு ஆலயக் கணக்கில் எழுதப்படும்.